பாத்ரூம் ஜாலிக்குள் போடும் சிலிகான் அடைப்பான்: எங்கே போடலாம், எங்கே வேண்டாம்

பாத்ரூம் நாற்றத்துக்கு என்ன வழி என்று ஆன்லைனில் தேடினாலே முதலில் வந்து நிற்கும் அந்தச் சின்ன சிலிகான் அடைப்பானைப் பற்றித்தான் எழுதுகிறேன். தரையில் தண்ணீர் போகும் ஓட்டையை மூடியிருக்கும் ஜாலியை, அதாவது சல்லடைத் தட்டைத் தூக்கிவிட்டு ஓட்டைக்குள் சொருகினால் போதும், தண்ணீர் கீழே இறங்கும், நாற்றமும் கரப்பானும் மேலே வராது என்று சொல்லி விற்கிறார்கள். மெல்லிய சிலிகான் ரகம், ஸ்பிரிங் வைத்தது, காந்தம் வைத்தது என்று மூன்றையும் வாங்கி, குரோம்பேட்டையில் நாங்கள் இருக்கும் ஃபிளாட்டிலும், வருஷத்தில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கும் தஞ்சாவூர் வீட்டிலும் போட்டுப் பார்த்தாயிற்று. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் தாண்டிவிட்டன.

பொருள் ஏமாற்று இல்லை. ஆனால் விளம்பரத்தில் எந்த இடத்தில் போட்டுக் காட்டுகிறார்களோ அந்த இடத்துக்கு அது லாயக்கில்லை. தினமும் நாலு பேர் தலைக்குக் குளிக்கிற பாத்ரூமுக்கு வாங்காதீர்கள். விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கிற பாத்ரூம், சாமான் போட்டு வைத்திருக்கும் சர்வீஸ் ஏரியா, பூட்டிக் கிடக்கும் வீடு, இதற்கெல்லாம் தாராளமாக வாங்கலாம். அதுவும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு இல்லை, ஊற்றுகிற தண்ணீருக்குத் துணையாக.

தண்ணீர் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நாற்றத்தை அடைக்கிற வேலையை நம் வீடுகளில் இத்தனை நாளும் செய்து வந்தது தண்ணீர்தான். ஜாலிக்குக் கீழே நானி ட்ராப் என்று ஒன்று இருக்கும். நஹானி ட்ராப், ஃப்ளோர் ட்ராப் என்றும் சொல்வார்கள், கடையில் எப்படிக் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். உள்ளே போகிற தண்ணீர் அப்படியே குழாயில் இறங்கிவிடாமல், ஒரு வளைவில் கொஞ்சம் தேங்கி நின்று, நிரம்பி வழிந்துதான் அந்தப் பக்கம் போகும். அந்தத் தேங்கின தண்ணீர்தான் கதவு. அந்தப் பக்கம் செப்டிக் டேங்கோ பாதாள சாக்கடையோ இருக்கும், இந்தப் பக்கம் நாம் இருப்போம். நடுவில் குறைந்தது 50 மில்லிமீட்டர் ஆழத்துக்காவது தண்ணீர் நிற்க வேண்டும் என்பது கட்டடக்காரர்கள் கணக்கு, அதாவது இரண்டு அங்குலம். வாஷ்பேசினுக்குக் கீழே இருக்கும் பாட்டில் ட்ராப், வெஸ்டர்ன் டாய்லெட்டுக்குள்ளேயே வளைந்திருக்கும் பகுதி, வெளியே காம்பவுண்டு ஓரமாக இருக்கும் கல்லி ட்ராப் எல்லாமே இதே வேலைதான். 1775இல் லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் கழிப்பறைக் குழாயை எஸ் மாதிரி வளைத்துக் காப்புரிமை வாங்கினார். இருநூற்றைம்பது வருஷமாகியும் அதைவிட எளிய ஏற்பாடு வரவில்லை. அசைகிற பாகம் ஒன்றுகூடக் கிடையாது, தேய்ந்துபோக எதுவும் இல்லை, செலவு ஒரு மக் தண்ணீர்.

கோளாறு எங்கே வருகிறது என்றால், அந்தத் தண்ணீர் போய்விடும். கோடையில் வற்றிவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மே மாதம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போய், கொஞ்சம் கூடுதலாகத் தங்கிவிட்டுத் திரும்பினால், வாசல் கதவைத் திறந்ததுமே முகத்தில் அடிக்கிற அந்த வாடை இதனால்தான். அது தவிர இரண்டு வழிகளில் தண்ணீர் காணாமல் போகும், அதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஒன்று, மேல் வீட்டுக்காரர் ஃப்ளஷ் செய்யும்போது குழாயில் தண்ணீர் மொத்தமாக இறங்க, பின்னாலேயே காற்று இழுபட, நம் ட்ராப்பில் இருக்கும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். ஜாலிக்குள்ளிருந்து குளக் குளக் என்று சத்தம் வருகிறதா, அதுதான். இதைத் தடுக்கத்தான் மொட்டை மாடிக்கு மேலே நீட்டி, தலையில் கௌல் என்கிற வலை மூடி போட்டு, காற்று போய்வர வென்ட் பைப் விட்டிருப்பார்கள். மாடியில் ஷெட் போடுகிறவர்கள் முதல் வேலையாக அதை அறுத்து மூடி போட்டு அடைத்துவிடுகிறார்கள், கேட்டால் பார்க்க நன்றாக இல்லை என்பார்கள். இன்னொன்று, மாப்பிலிருந்து உதிர்ந்த நூலோ நீள முடியோ ட்ராப்பின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தால், அதன் வழியே தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி அந்தப் பக்கம் சொட்டிவிடும். யாரும் தொடாமலே காலியாகும் ட்ராப்பில் இதை ஒருமுறை பாருங்கள்.

தண்ணீர் போனபின் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் இன்னும் மோசம். நாற்றம் வருகிறதே என்றுதான் ஃபேனைப் போடுகிறோம், கதவும் ஜன்னலும் சாத்தியிருக்கிறது, ஃபேன் வெளியே தள்ளுகிற காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும், வருவதற்கு இருக்கிற ஒரே திறந்த வழி அந்த வறண்ட ஜாலிதான். மெல்லிய டிஷ்யூ பேப்பரை ஜாலி மேல் பரப்பிவிட்டு ஃபேனைப் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டு விருந்தாளி பாத்ரூமில் பேப்பரின் ஓரம் படபடவென்று தூக்கிக்கொண்டு நின்றது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்ப வைத்தபோது அசையவே இல்லை. ஊதுபத்தி புகையை வைத்துப் பார்க்கச் சொல்கிற வீடியோக்களும் இருக்கின்றன. வேண்டாம், உள்ளேயிருந்து வருவதில் மீத்தேனும் உண்டு. செப்டிக் டேங்க் மூடிப் பக்கம் நெருப்பே கொண்டு போகக் கூடாது.

சரி, பொருளுக்கு வருகிறேன்.

மெல்லிய ரகம் ஒரு பொட்டலத்தில் இரண்டு மூன்று வரும், 200 ரூபாயை ஒட்டி விலை. மேலே வட்டமாக ஒரு விளிம்பு, கீழே இறங்க இறங்கக் குறுகி, கடைசியில் இரண்டு உதடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும், காற்றுப் போன பலூன் வாய் மாதிரி. தண்ணீரின் பாரத்தில் உதடு திறக்கும், தண்ணீர் நின்றதும் மூடிக்கொள்ளும். கையில் வைத்து மேலேயிருந்து ஊதினால் காற்று போகிறது, கீழேயிருந்து ஊதினால் போகவில்லை. புதிதாக இருக்கும்போது இது மிகச் சரியாகவே வேலை செய்கிறது, இதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. போட்டவுடனேயே விருந்தாளி பாத்ரூம் வாடை நின்றது.

அளவுதான் தலைவலி. நம் ஊர் ட்ராப்புகளின் வாய்க்கு ஓர் ஒழுங்கு கிடையாது. வெளியே போகிற குழாய் 75 மில்லிமீட்டராகவோ 110 ஆகவோ இருக்கும், அது பெயருக்குச் சரி, ஆனால் ஜாலியின் சட்டத்துக்குக் கீழே டைல்ஸ்காரர் சிமெண்டைப் பூசி விட்டுப்போன ஓட்டை வட்டமாக இருந்தால் அதிர்ஷ்டம். எங்கள் ஒரு பாத்ரூமில் அது முட்டை வடிவம். விளிம்பைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு இடுக்கு இருந்தால் அடைப்பான் போட்டும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான். விற்கிறவர்கள் எல்லா அளவுக்கும் பொருந்தும் என்று எழுதியிருப்பதை நம்பாமல், ஜாலியைக் கழற்றி, ஸ்கேல் வைத்து உள் விட்டத்தை அளந்துகொண்டு, அகலமான ரப்பர் காலர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். நான் வாங்கிய ஒரு கடை, பொட்டலத்தின் மேல் ஓர் அளவும் உள்ளே வேறோர் அளவுமாக அனுப்பி, திருப்பி எடுக்க மறுத்து, அந்தரங்க உபயோகப் பொருள் என்று காரணம் சொன்னது. சாக்கடை அடைப்பான் எப்படி அந்தரங்கப் பொருளாயிற்று என்று இன்னமும் எனக்கு விளங்கவில்லை.

தினமும் குளிக்கிற பாத்ரூமில் போட்டபோது முதல் வாரம் சுகம். அப்புறம் மெள்ளத் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. குளித்து முடிப்பதற்குள் பாதம் முழுகிவிடுகிறது, மகள் தலைக்கு ஊற்றிய நாளில் வாசற்படி வரைக்கும் வந்துவிட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால் உதட்டுக்கு நடுவே முடி ஒரு கற்றையாகச் சிக்கி, அதன் மேல் சோப்பும் சீயக்காயும் எண்ணெயுமாகச் சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு களிம்பு படிந்திருந்தது. இதில் இரட்டை நஷ்டம் என்னவென்றால், தண்ணீரும் சரியாக இறங்கவில்லை, முடி நடுவில் நிற்பதால் உதடும் மூடவில்லை. அடைக்க வேண்டியது அடைபடாமல், அடையக் கூடாதது அடைத்துக்கொண்டு நிற்கிறது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் திரும்பச் சரியாகிவிடும், ஆனால் அந்த வேலையை யார் வாரா வாரம் செய்வது? செய்கிறவர்கள் வாங்கலாம். நான் எடுத்துவிட்டேன். தினமும் தண்ணீர் போகிற ட்ராப் எப்போதும் நிரம்பித்தான் இருக்கும், அங்கே இதற்கு வேலையே இல்லை. அங்கே நாற்றம் வந்தால் ட்ராப்புக்குள் சேர்ந்த அழுக்கைக் கையுறை போட்டு அள்ளி எடுங்கள், முக்கால்வாசி அதோடு போய்விடும்.

ஸ்பிரிங் ரகம் பார்க்க உறுதியாக இருக்கிறது. ஸ்டீல் உடம்பு, கீழே ஒரு தட்டு, தண்ணீர் விழுந்தால் தட்டு இறங்கும், நின்றால் ஸ்பிரிங் மேலே இழுத்து மூடும். இதில் எனக்குப் பிடிக்காத விஷயம், கொஞ்சமாகத் தண்ணீர் விழுந்தால் திறப்பதே இல்லை. கை கழுவின தண்ணீர் மேலேயே குட்டையாக நின்று, அதில் கொசு. சில மாதங்களில் ஸ்பிரிங்கும் தளர்ந்து தட்டு பாதி திறந்தபடியே தொங்கிக்கொண்டிருந்தது. காந்த ரகம் இதைவிடத் தேவலை, கொஞ்சம் தண்ணீருக்கும் திறக்கிறது, தேய்மானமும் குறைவு. ஆனால் எங்கள் ஏரியா போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வாளியெல்லாம் செம்மண் நிறத்தில் கறை. தட்டின் ஓரத்தில் உப்பும் துருவும் படிந்து, ஒரு பக்கம் மூடியும் ஒரு பக்கம் மூடாமலும் நிற்கும். வினிகரில் ஊறவைத்துத் துடைத்தால் போகிறது. மெட்ரோ வாட்டர் மட்டும் வருகிற வீடுகளில் இந்தத் தொந்தரவு குறைவாக இருக்கலாம்.

கடையில் காக்ரோச் ட்ராப் ஜாலி என்று ஒன்று தருவார்கள். உள்ளே ஒரு கிண்ணம், அதற்கு மேல் கவிழ்த்து வைத்த மாதிரி மூடி, சுற்றிலும் தண்ணீர் நிற்கும். புது ஃபிளாட்டுகளில் பெரும்பாலும் இதைத்தான் போட்டுக் கொடுக்கிறார்கள். யோசனை நல்ல யோசனைதான், ஆனால் அதில் நிற்கிற தண்ணீரின் ஆழம் விரல் நுனி அளவுதான், கோடையில் சில நாளிலேயே காய்ந்துபோகிறது. அதைவிடப் பெரிய சங்கடம், கிண்ணத்தில் முடி சேர்ந்து தண்ணீர் நின்றதும் வீட்டு வேலைக்கு வருகிற அக்கா அதை எடுத்து ஜன்னல் மேல் வைத்துவிடுவார், கழுவுவதற்கு வேறு வழியும் இல்லை, அப்புறம் அதைத் திரும்ப வைக்க யாருக்கும் ஞாபகம் இருக்காது. உங்கள் வீட்டு பாத்ரூம் ஜன்னலில் அப்படி ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் கிடக்கிறதா பாருங்கள். கிடந்தால் ஐந்து பைசா செலவில்லாமல் இன்றைக்கே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இதையெல்லாம் போட்டும் நிற்காத நாற்றம் எங்கள் சர்வீஸ் ஏரியாவில் இருந்தது. பிளம்பர் அண்ணனைக் கூப்பிட்டோம். அவர் ஜாலியைத் தூக்கி, செல்போன் டார்ச்சை அடித்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். திரும்ப டார்ச் அடித்தார்.

“சார், இங்க பாருங்க, தண்ணி நின்னா டார்ச் வெளிச்சம் பளிச்சுனு திருப்பி அடிக்கும். இதுல ஒண்ணுமே இல்ல. ட்ராப்பே வைக்காம நேரா பைப்ப விட்டிருக்காங்க.”

“கட்டும்போதே வைக்கலையாண்ணே?”

“உள்ள எரநூறு முந்நூறு ரூபா மிச்சம் பண்ணிருக்காங்க சார். இப்ப டைல்ஸ ஒடைக்கணும்.”

டைல்ஸை உடைத்து, ட்ராப் வைத்து, கீழே ஒழுகாமல் வாட்டர் ப்ரூஃபிங் செய்து, திரும்ப அதே டைல்ஸ் கிடைக்காமல் வேறு நிறத்தில் ஒட்டி, அதற்கு ஆகிற செலவில் இந்த அடைப்பானை வாழ்நாளுக்கும் வாங்கிப் போடலாம். இந்த மாதிரி இடத்துக்குத்தான் சிலிகான் ரகம் கைகொடுக்கிறது. முடி விழாத இடம், தண்ணீர் அதிகம் போகாத இடம், கீழே ட்ராப் இல்லாத இடம். போட்ட நாளிலிருந்து வாடை இல்லை, இரவில் வரும் பெரிய செங்கரப்பானும் இல்லை. உதடு கெட்டியாகிவிட்டதா என்று அவ்வப்போது விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன், விறைத்துப்போனால் புதிது மாற்ற வேண்டியதுதான். ஆனால் புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது. ஆழமான ட்ராப்பாகக் கேட்டு வாங்கி, கான்கிரீட் போடுவதற்கு முன்னால் நீங்களே நின்று தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள், மேஸ்திரி முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

தஞ்சாவூர் வீட்டுக் கதை வேறு. அப்பா கட்டிய வீடு, கீழே இரண்டு பாத்ரூம், மாடியில் ஒன்று, பின்கட்டில் துணி துவைக்கும் இடம். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் போவோம், மற்ற நாளெல்லாம் பூட்டு. வெளிநாட்டிலும் பெங்களூரிலும் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் எல்லா ஊரிலும் இப்படித்தான் கிடக்கின்றன. பக்கத்து வீட்டு அத்தையிடம் சாவி உண்டு, கூட்டிப் பெருக்கி விளக்கேற்ற வருவார். அவரிடம் கேட்டுக்கொண்டேன், வரும்போது ஒவ்வொரு பாத்ரூமிலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிடுங்கள் என்று. அடுத்த முறை போனில், “தம்பி, கீழ எல்லாத்துலயும் ஊத்திட்டேன். மாடியில யாருமே போறதில்லையே, அதுக்கும் ஊத்தணுமா?” என்றார். யாரும் போகாததற்குத்தான் ஊற்ற வேண்டும் என்பதை அவருக்குப் புரிய வைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று, முட்டி வலியோடு மாடி ஏறச் சொல்கிறோமே என்று எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. அதனால் மாடிக்கு மட்டும் வேறு ஏற்பாடு: ட்ராப்பை நிரப்பி, அதன் மேல் இரண்டு மூன்று ஸ்பூன் எண்ணெய் விட்டு, அதற்கும் மேலே சிலிகான் அடைப்பான். எண்ணெய் மெல்லிய படலமாக மிதந்து தண்ணீர் ஆவியாவதைத் தடுக்கிறது. சமையல் எண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும், மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் கெடாது. கோடை முடிந்து போய்ப் பார்த்தபோது மாடி பாத்ரூமில் தண்ணீர் நின்றது, டார்ச் வெளிச்சத்தில் பளபளத்தது. அடைப்பான் மட்டும் போட்டு எண்ணெய் விடாத பின்கட்டு ட்ராப் வறண்டுதான் இருந்தது, ஆனாலும் வாடை இல்லை. ஆக தண்ணீரைக் காத்தது எண்ணெய், வாடையை அடைத்தது அடைப்பான். வெஸ்டர்ன் டாய்லெட்டின் உள்வளைவும் இப்படித்தான் வற்றும் என்பதை மறந்துவிடாதீர்கள், மூடியைச் சாத்திவிட்டுப் போனால் கொஞ்சம் தாமதமாக வற்றும், அவ்வளவுதான்.

நாற்றம்தானே, ஜன்னலைத் திறந்தால் போய்விடும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அழுகிய முட்டை வாடை அடிப்பது ஹைட்ரஜன் சல்பைடு. வீட்டு ஜாலி வழியே வருகிற அளவு மிகக் கொஞ்சம், தலைவலி, குமட்டல் என்கிற மட்டத்தில்தான் பெரும்பாலும் நிற்கும், இதற்காகப் பயந்து நடுங்க வேண்டாம். அதே வாயுதான் செப்டிக் டேங்குக்குள்ளும் மேன்ஹோலுக்குள்ளும் இறக்கிவிடப்பட்டவர்களைக் கொல்கிறது. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, அதுதான் அதன் கொடூரம். 2013இல் சட்டம் போட்டுத் தடுத்த பிறகும் ஆட்களை உள்ளே இறக்குவது நிற்கவில்லை. உங்கள் அபார்ட்மெண்டில் யாராவது இறக்கச் சொன்னால் நீங்களாவது தடுங்கள்.

வாயுவை விடுங்கள், நோயே இந்த வழியில் வந்திருக்கிறது. 2003இல் சார்ஸ் என்கிற மூச்சுத் தொற்றுநோய் பரவியபோது ஹாங்காங்கில் அமோய் கார்டன்ஸ் என்ற குடியிருப்பில் 300 பேருக்கு மேல் தொற்றிக்கொண்டது, 40 பேருக்கு மேல் இறந்தார்கள். பக்கத்து பிளாக்குகளைவிட ‘E’ பிளாக்கில்தான் அதிகம், அதுவும் மேலும் கீழுமாக ஒரே வரிசையில் இருந்த வீடுகளில். விசாரித்தவர்கள் சுட்டிக்காட்டிய காரணங்களில் முக்கியமானது, பாத்ரூம் தரையில் இருந்த யூ வடிவ ட்ராப்புகள் வறண்டு கிடந்தது. அங்கே பலரும் தரையைத் துடைப்பார்கள், நம்மைப்போல் வாளி வாளியாக ஊற்றிக் கழுவுவதில்லை, அதனால் தரை ட்ராப்புக்குத் தண்ணீரே போகவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டதும் சாக்கடைக் குழாயில் இருந்த கிருமித் துளிகள் வீட்டுக்குள் இழுபட்டிருக்கின்றன. அதற்குப் பிறகு அந்த ஊர் சுகாதாரத் துறை சொன்ன அறிவுரை, வாரம் ஒருமுறை ஒவ்வொரு ஜாலியிலும் சுமார் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள் என்பது. இப்போது நம் ஃபிளாட்டுகளிலும் குளிக்கிற இடத்தைக் கண்ணாடி வைத்துத் தடுத்து, மிச்சத் தரையை உலர்ந்தே வைத்துக்கொள்கிறார்கள், அந்த உலர்ந்த பகுதியில் ஒரு ஜாலி இருக்கும். அதற்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்?

ஊற்ற மறந்துபோகிறவர்களுக்கு என் யோசனை ஒன்று. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுநீர்க் குழாயை அதிகம் பயன்படாத ஜாலிப் பக்கம் திருப்பிவிடுங்கள், அந்த ட்ராப் வற்றவே வற்றாது. ஏசி சொட்டும் தண்ணீரும் அப்படியே. கோடையில்தான் ட்ராப் வற்றும், கோடையில்தான் ஏசியும் சொட்டும், இதைவிட நல்ல பொருத்தம் கிடையாது. ஒன்றே ஒன்று, ஏசி குழாயின் நுனி ஜாலிக்கு மேலே காற்றில் நிற்க வேண்டும். சில ஏசி மெக்கானிக்குகள் அதைச் சுவருக்குள்ளேயே சாக்கடைக் குழாயோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பாத்ரூம் நாற்றம் படுக்கையறைக்கு வந்துவிடும், தலைமாட்டில் ஏசியிலிருந்து சாக்கடை வாடை வருகிறது என்று வாயு நிரப்பச் சொல்லிக் காசு கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

வாஷ்பேசின், கிச்சன் சிங்க், வாஷிங் மெஷின் மூன்றுக்கும் இந்த அடைப்பானை வாங்குவதில் அர்த்தமில்லை. அங்கே நாற்றம் வருவது பெரும்பாலும் குழாயைச் சுற்றியுள்ள இடுக்கிலிருந்து. வளையும் வேஸ்ட் பைப்பைச் சுவர் ஓட்டைக்குள் சும்மா சொருகி வைத்திருப்பார்கள், சுற்றிலும் காற்றுப் போக இடம் இருக்கும். ஹார்டுவேர் கடையில் அதற்கென்றே ரப்பர் காலர் விற்கிறது, மிகச் சொற்ப விலை, மாட்டிவிட்டால் முடிந்தது. பாட்டில் ட்ராப் இல்லாத பேசினில் அந்த வளையும் பைப்பையே ஒரு வளைவாக மடக்கிக் கட்டிவைத்தால் அதில் தண்ணீர் நின்றுவிடும். பிளம்பர்கள் செய்கிற வேலைதான், பார்க்க அழகாக இருக்காது, வேலை செய்யும்.

அடைப்பானோடு இலவசமாக வாசனை உருண்டை தருகிற கடைகளும் உண்டு. எங்கள் அம்மா காலத்திலிருந்து ஜாலி மேல் அந்துருண்டை போடுகிற வழக்கம் இருக்கிறது. நாற்றத்தின் மேல் இன்னொரு நாற்றத்தைப் போர்த்துகிறோம், அவ்வளவுதான், வழி திறந்தேதான் கிடக்கிறது. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் நாப்தலீன் உருண்டையே வேண்டாம், சில குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்துபோகிற அளவுக்கு அது ஆபத்து. ஆசிட் ஊற்றுகிறவர்கள், சிலிகான் அடைப்பானை எடுத்துவிட்டு ஊற்றுங்கள், காந்த ரகமென்றால் கட்டாயம். ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போட்டுவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். சாக்கடை நாற்றத்தோடு வாழ்ந்துவிட்டுப் போகலாம், குளோரினோடு வாழ முடியாது.

மார்க்கு போடச் சொன்னால், அதிகம் பயன்படாத ஜாலிக்கும் ட்ராப் இல்லாத இடத்துக்கும் மெல்லிய சிலிகான் ரகத்துக்கு ஐந்துக்கு நாலு தருவேன். தினமும் குளிக்கிற பாத்ரூமுக்கு ஒன்று. காந்த ரகத்துக்கு மூன்று, உப்புத் தண்ணீர் ஏரியாவென்றால் இரண்டு. ஸ்பிரிங் ரகத்தைத் தொடாதீர்கள். எல்லாவற்றையும்விட அதிக மார்க்கு சமையலறையில் தொங்குகிற காலண்டரில் வெள்ளிக்கிழமைக்கு நேரே என் மனைவி எழுதி வைத்திருக்கும் ‘ஜாலி தண்ணி’க்குத்தான், வீடு கழுவுகிற நாளாகவும் போய்விட்டதால் மறப்பதில்லை.

ஒரு பொட்டலத்தில் மூன்று வந்துவிட்டதே, மிச்சத்தைப் பால்கனியிலும் மொட்டை மாடியிலும் போடலாமா என்று சிலருக்குத் தோன்றும். போடாதீர்கள். மழைநீர்க் குழாய் சாக்கடையோடு சேராமல் தனியாகத்தான் போகும், போக வேண்டும், அதில் நாற்றம் வர வழியில்லை. ஐப்பசி மழையில் நாலு வேப்பிலை வந்து அந்த உதட்டில் ஒட்டிக்கொண்டால் பால்கனித் தண்ணீர் முழுக்க ஹாலுக்குள் வரும்.